எவாரிஸ்தா விட்டுவிட்ட முகம்

என் நாத்தனார் எவாரிஸ்தாவுக்குப் பானை செய்ய வராது. பொறாமையில் சொல்லவில்லை, எங்கள் ஊர் திரிங்குவாரோவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பானைக்காரத் தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள், நாற்பது வயதுவரை செய்த குடங்களில் பாதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மீதி ஒழுகும். "எவாரிஸ்தா குடத்துல தண்ணி மொண்டா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாவாடை நனைஞ்சுரும்" என்று ஊற்றடியில் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுநாள் அதே மாதிரி இன்னொன்று செய்வாள்.

அவளுக்குக் கைவந்தது முகம்தான். பெயர்கள் அவள் தலையில் நிற்காது. ஒருவன் பேரைக் கேட்டால் விழிப்பாள். அவன் தாடை எப்படி இருக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே மண்ணில் பிடித்துக் காட்டுவாள். ஒருமுறை கோயில் மணியடிப்பவரின் முகத்தைக் குடத்தின் வயிற்றில் வைத்துவிட்டாள். உப்பிய கன்னம், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான கண்கள், எல்லாம் அப்படியே. அவர் சண்டைக்கு வந்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல இருக்கறதவிட இது தேவலை, வாயாவது பேசாது" என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எவாரிஸ்தாவின் கணவனுக்கு அது பிடிக்கவில்லை. "மனுச மூஞ்சிய சூளைக்குள்ள வச்சு எரிக்கறது நல்லதுக்கில்ல, விட்டுரு" என்றான். விட்டுவிட்டாள். அவன் எல்லை தாண்டி வடக்கே ஸ்ட்ராபெரி பறிக்கப் போனான். இரண்டு வருடம் போன் வந்தது, பிறகு வரவில்லை. ஆள் போன பிறகும் அவன் சொன்ன சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒழுகும் குடங்களையே செய்துகொண்டிருந்தாள்.

நான் கட்டிக்கொண்டது அவள் தம்பி அபுந்தியோவை. அவனைப் பெற்ற கையோடு தாய் செத்துப்போக, ஒன்பது வயது எவாரிஸ்தாதான் அவனைச் சால்வையில் முதுகோடு கட்டிக்கொண்டு வளர்த்தாள். அதனால் எனக்கு மாமியார் இல்லை. மாமியாருக்கும் மேலே ஒருத்தி இருந்தாள். நான் மாட்டுக்கறிக் குழம்பு வைத்தால் எதிர்வீட்டு வாசலிலிருந்தே மோந்து பார்ப்பாள். "மிளகா பத்தாது ப்ளாசிதா, அவனுக்கு நாக்குல ஒட்டாது."

"அப்ப நீங்களே வந்து ஊட்டிவிடுங்க அக்கா" என்பேன்.

விட்டால் ஊட்டியும் விடுவாள். பதினான்கு வருடம் இப்படித்தான் ஓடியது.

முகமூடி போட்டவனின் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. ஜனவரி ஆட்டத்தில் பையன்கள் மரமுகமூடி மாட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் பேசியபடி வீடுவீடாக வருவார்கள். பெற்ற மகனே வந்து நின்றாலும் தாய் தெரியாதவள்போல, "எந்த ஊர் மாப்பிள்ளை, ரொம்ப தூரத்துலேருந்து வர்றீங்களோ?" என்று சோளக்கஞ்சியை நீட்ட வேண்டும். செருப்பைப் பார்த்தாலே யாரென்று தெரியும், நடையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவளுக்கு அந்த வருடம் முழுக்கக் கெட்ட பெயர். பால்குடி மறப்பதற்குள் இந்தப் பழக்கம் எங்களுக்கு ஊறிவிடுகிறது.

லாரிகள் வந்தபோதும் நாங்கள் அப்படியே இருந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

மலையில் பைன் மரங்களை அறுத்து ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊர் நடுவே இறங்கும். அடுக்கிய மரங்களின் மேல் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூக்குவரை துணி, மடியில் துப்பாக்கி. என்றைக்கும் பத்து, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஒருநாள் லாரியை ஊற்றடியில் நிறுத்தினார்கள். ஒருவன் குனிந்து, ஜனவரி ஆட்டத்தில் பேசும் அதே கீச்சுக்குரலில், "தாயி, ஒரு வாய் தண்ணி குடுப்பீங்களா?" என்றான். ரொட்டிக்காரி கிளேயோபாஸ் பழக்கதோஷத்தில், "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டுவிட்டாள். லாரியின் மேல் இருந்த பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை என்று அன்றைக்கு ஊற்றடியில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

பத்தில் ஒருவன் என் புருஷன்.

ரோட்டு வேலைக்குப் போவதாகத்தான் சொன்னான். ரோட்டு வேலைக்குப் போகிறவன் சட்டையில் பைன் பால் ஒட்டாது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது அந்தப் பிசின். நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டி எடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், வந்த பதிலை வைத்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகளோடு நான் என்ன செய்ய?

ஏப்ரலில் மலைக்காவலர் எலியோதோரோ தடியோடு மேலே போனார். ஊர் சேர்ந்து நியமித்த மனிதர். எவாரிஸ்தாவின் சூளைக்குப் பட்டையும் சுள்ளியும் பொறுக்கிக்கொள்ளச் சொல்லி எப்போதும் கண்டும் காணாமல் போகிறவர். மூன்றாம் நாள் அவருடைய தொப்பி ஊற்றடிச் சிலுவையில் தொங்கியது. அதற்கடுத்த நாள் ஆணி அடித்த பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். "மரம் சாய்ஞ்சு மேல விழுந்துருச்சு" என்றார்கள். அவர் மனைவி ஒத்திலியா பெட்டியைக் கையால் அறைந்து அறைந்து, "ஒரே ஒரு தடவ மூஞ்சியக் காட்டுங்கய்யா" என்று கதறினாள். யாரும் திறக்கவில்லை.

அன்று அபுந்தியோ தொட்டியடியில் ரொம்ப நேரம் கை கழுவினான். தட்டை வைத்தேன், உட்காரவில்லை.

"நீ அங்க இருந்தியா?" என்று கேட்டேன். அந்த ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்.

"நான் மரம் ஏத்தறவன். அவ்வளவுதான்."

"நான் அதக் கேக்கல."

"கேக்காத ப்ளாசிதா."

சோளமாவு அவித்த கொருந்தாவை இலையோடு மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

எவாரிஸ்தா ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் ஒத்திலியா வீட்டுக்குப் போனாள், சால்வைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு. போய் அவள் மடியில் வைத்தாள். எலியோதோரோவின் முகம். சுட்டு, வழவழவென்று தேய்த்த சிவப்பு மண் முகமூடி. புருவத்துக்குமேல் தழும்பு, வெயிலுக்குச் சுருக்கியே பழகிய கண்கள். ஒத்திலியா அதன் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தோம். எவாரிஸ்தா செய்த முதல் முகமூடி அதுதான்.

அதன்பிறகு அவள் குடம் செய்வதை நிறுத்தினாள். மே மாதத்தில் ஒருநாள் சோளம் அரைக்க அம்மிக்கல் கேட்டுப் போனேன். முற்றத்தில் ஈரச்சாக்கு போர்த்தி வரிசையாக ஏதோ இருந்தது. சாக்கைத் தூக்கினேன். நாலு முகங்கள். கறிக்கடைக்காரர் மகன். கிளேயோபாஸின் மூத்தவன். என் மூத்தவளின் ஞானஸ்நானத்துக்கு மெழுகுவர்த்தி பிடித்தவன். ஒத்திலியாவின் சொந்த அக்கா மகன்.

"அக்கா, இதெல்லாம் என்ன?"

"முகம்."

"யாரு முகம்?"

"நீ சொல்லேன்."

நான் சொல்வேனா? "இவங்கதான்னு எப்படி உங்களுக்குத் தெரியும்? துணி கட்டியிருக்காங்களே."

"துணி மூக்கு வரைக்குந்தான. காது வெளியதான இருக்கு." மண்ணைப் பிசைந்துகொண்டே பேசினாள். "நான் யார் பேரையும் சொல்லல. பேரு சொல்றதுதான் வழக்கத்துல தப்பு. மண்ணு பிசையறது தப்புன்னு எவனும் சொல்லலயே?"

அப்போது லாரி தெருவில் இறங்கியது. வேலிக்கு மேலே பத்துத் தலைகள் போயின. ஒருவன் திரும்பி முற்றத்தைப் பார்த்தான். நான் சாக்கின் முன்னால் பாவாடையை விரித்துக்கொண்டு நின்றேன். எவாரிஸ்தா நிமிர்ந்து அவன் காதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையிலிருந்த மண்ணில் பெருவிரலை அழுத்தினாள்.

சுவரோரம் ஒரு மண்ணுருண்டை தனியாக, தொடாமல் இருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் காலைப் பிடித்தேன். "அக்கா, அவன் ஒருத்தன மட்டும் விட்டுருங்க. உங்க முதுகுலயே வளந்தவன்."

"அதனாலதான் இன்னும் தொடாம வச்சிருக்கேன்."

"விட்டுருங்கக்கா. நாளைக்கு என் பிள்ளைங்கள எவன் கட்டுவான்? ஊரு காறித் துப்பும்."

"ஒத்திலியா வாசல்ல போய் இதச் சொல்லேன்."

நான் போகவில்லை. ஆனால் எவாரிஸ்தா வீட்டுக்குத் தினமும் போனேன். கொண்டைக்கடலை எடுத்துக்கொண்டு போனேன், கண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன், கத்தினேன், பேசாமல் உட்கார்ந்தேன். முகங்கள் ஐந்தாயின, ஏழாயின, ஒன்பதாயின. கடைசியில் ஒருநாள் அந்தத் தனி உருண்டையை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். "சரி. ஒன்பதோட நிறுத்திக்கறேன். இது அவனுக்கு நல்லதான்னு எனக்குத் தெரியல, ப்ளாசிதா." எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவள் கையை முத்தமிட்டேன். இரண்டு பேரில் ஒருத்திக்காவது புத்தி இருந்திருந்தால், அன்றைக்கு விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பாள்.

ஜூனில் கார்ப்பஸ் திருநாள். அன்று அவரவர் தொழிலில் செய்ததைச் சின்ன அளவில் செய்து கூட்டத்தின்மேல் வீச வேண்டும். ரொட்டிக்காரர்கள் விரல்நீள ரொட்டி வீசுவார்கள், தேன்காரர்கள் தேனடைத் துண்டு, உழுகிறவர்கள் சோளம். பானைக்காரத் தெரு கட்டைவிரல் அளவுப் பானைகளை வீசும். பிடிக்கத் தொப்பியையும் சால்வையையும் விரித்துக்கொண்டு ஊரே தள்ளுமுள்ளு நடத்தும். அன்று மத்தியானம் எவாரிஸ்தா இரண்டு கூடை கொண்டுவந்து கோயில் படியில் ஏறி நின்றாள்.

"எவாரிஸ்தாக்கா, ஒழுகாத பானையாப் பாத்துப் போடுங்க!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. அவள் வீசினாள்.

முதலில் கிடைத்தவர்கள் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. அச்சில் அழுத்தி எடுத்துச் சுட்ட சின்ன முகங்கள், உள்ளங்கையில் அடங்கும் அளவு. கறிக்கடைக்காரர் தன் கையைப் பார்த்தார், பிறகு எதிரே மாட்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த தன் மகனைப் பார்த்தார். மேளக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்தினார்கள். எவாரிஸ்தா மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு கூடையும் காலியாகும்வரை விதைக்கிறவள் மாதிரி நிதானமாக வீசிக்கொண்டே இருந்தாள். யார் பெயரும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. வழக்கம் கெடவில்லை.

கிளேயோபாஸ் தரையில் உட்கார்ந்து, சால்வையில் விழுந்தவற்றை முகம்முகமாகப் பிரித்து அடுக்கினாள். தன் மகனை முதலில் வைத்தாள். "ஒன்பது" என்றாள். நிமிர்ந்தாள். "லாரியில பத்துப் பேருல்ல வருவாங்க?"

எல்லோரும் எவாரிஸ்தாவைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் கோயில் சுவரில் சாய்ந்து ஓர் ஆள் ஐஸ் தின்றுகொண்டிருந்தான். எங்கள் ஊர் முகம் இல்லை. அவனும் குனிந்து, ஒவ்வொரு முகத்திலும் ஒன்று பொறுக்கி, துடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒன்பது தடவை குனிந்தான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஏர்க்காளைகளுக்குப் பக்கத்தில் நின்ற அபுந்தியோவிடம் ஓடினேன். வெட்கமாக இருக்கிறது இதைச் சொல்ல, ஆனாலும் சொல்கிறேன்: சந்தோஷமாகத்தான் ஓடினேன். "பயப்படாத. உன்னோடது அதுல இல்ல. நான்தான் அக்காகிட்டக் கெஞ்சி நிறுத்தினேன்."

"எத்தன இருக்கு?"

"ஒன்பது."

"நல்லா எண்ணுனியா?"

"எண்ணுனேன். உன்னோடது இல்ல."

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். "அடிப் பாவி. நான்தான் காட்டிக் குடுத்தேன்னு எங்களுக்குக் கூலி குடுக்கறவங்க நினைப்பாங்கடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது பேரைக் காட்டிவிட்டுத் தம்பியை மட்டும் மறைத்தால், ஒன்பது பேரின் முகத்தையும் அக்காவுக்குச் சொன்னது தம்பிதான் என்றுதானே ஆகும்? காதைப் பார்த்தே முகம் பிடிப்பாள் என்று சொன்னால் எந்தக் கொள்ளைக்காரன் நம்புவான்?

"ஓடிரு. இப்பவே பஸ் ஏறு."

"ஓடுனா நான்தான்னு ஆயிரும். அப்புறம் உன்னயும் பிள்ளைங்களயும் தேடி வருவாங்க." மாட்டின் கழுத்து மாலையைச் சரிசெய்தான். கோணலாகத்தான் இருந்தது.

எவாரிஸ்தாவிடம் போய் விழுந்தேன். ஒன்றும் கேட்காமல் மண்ணை எடுத்துப் பிசைந்தாள். விடிவதற்குள் பத்தாவது முகமாக அபுந்தியோ தயார். ஆனால் ஜூன் மழை. மண் காய ஒரு வாரமாவது வேண்டும். பச்சை மண்ணைக் கொண்டுபோய்ச் சந்தையில் வைத்தால் நேற்றுச் செய்தது என்று குழந்தைக்கும் தெரியும். அடுப்பருகே வைத்துத் திருப்பினோம், விசிறினோம், நான் வாயால்கூட ஊதினேன். சனிக்கிழமை பொறுக்க முடியாமல் சூளையில் வைத்தாள். ஈரம் போகாத மண் சூளையில் என்ன ஆகும் என்று குடம் செய்யத் தெரியாதவளும் அறிவாள். உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அவள் சூளையைக் கிளறவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பல் நிற வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். அவர்கள் முகத்தில் துணி கட்டியிருக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஐஸ் தின்ற ஆள் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னான். அப்புறம் அபுந்தியோவிடம் மெதுவாகக் கேட்டான். "உங்க அக்காவுக்கு எல்லாரு மூஞ்சியும் ஞாபகம் இருக்கு, உன் மூஞ்சி மட்டும் எப்படித் தம்பி மறந்துபோச்சு?"

அபுந்தியோ என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "சட்டை மாத்திக்கட்டுமா?" என்று அவர்களிடம் கேட்டான். "வேணாம்" என்றார்கள். போய்விட்டான். எதிர்வாசலில் எவாரிஸ்தா மண் கையோடு நின்றுகொண்டிருந்தாள். வண்டி போனதும் தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்கு என்னவோ நல்லதுதான் நடந்தது. ஒன்பது தாய்மார்களும் மகன்களை வீட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். சிலர் வடக்கே போனார்கள், இரண்டு பேர் ஒத்திலியாவின் காலில் விழுந்தார்கள். மலைப்பாதையில் பெண்கள் பாறையை உருட்டிப் போட்டுக் காவல் இருந்தார்கள். லாரி வரவில்லை. எல்லோரும் எவாரிஸ்தாவைக் கும்பிட்டார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். அபுந்தியோவின் தொப்பிகூட எங்கும் தொங்கவில்லை. ஒத்திலியாவுக்கு அடைத்த பெட்டியாவது கிடைத்தது.

நானும் எவாரிஸ்தாவும் நாலு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு காலை, ஈரத்துணி போர்த்திய பலகையோடு என் வாசலில் நின்றாள். துணியை எடுத்தாள். அபுந்தியோ.

"எனக்குத் தெரியல ப்ளாசிதா. நீ கெஞ்சுன அந்த ஒரு மாசமும் அவன் மூஞ்சியப் பாக்காம இருக்கப் பழகிட்டேன், அவசரத்துல செஞ்சதும் சூளையிலேயே வெடிச்சுப்போச்சு. இப்ப எல்லாரும் வர்றாங்க, அவன் மட்டும் கைக்கு வரமாட்டேங்கறான். நீ சொல்லு, சரியா இருக்கா? சரின்னா சுட்டு உனக்கே குடுத்துர்றேன், அதோட விட்டுர்றேன்."

அப்படியே இருந்தான். பேசப் போகிறவன் மாதிரி. அவள் சொன்ன கடைசிச் சொல் மட்டும் காதில் நின்றது: அதோடு விட்டுவிடுவாளாம். கெஞ்சியது நான்தான், தெரியும். ஆனாலும் செய்தவள் அவள். அவளை அதோடு விட எனக்கு மனமில்லை. அவனையும் அதோடு விட மனமில்லை.

"இல்ல அக்கா. தாடை இப்படி இருக்காது" என்றேன்.

ஏழு வருடம் ஆகிறது. நான் வேண்டாம் என்ற ஒவ்வொன்றையும் அவள் சுட்டுச் சுவரில் மாட்டிவைக்கிறாள். உருவாப்பன் பட்டணத்திலிருந்து வருகிற கடைக்காரர்கள் வாங்கிப்போகிறார்கள். ஒரு சிரிப்பு, ஒரு தூக்கக் கலக்கம், ஒரு கோபம் என்று ஒன்றுபோல் ஒன்று இல்லாததால், எல்லாம் வேறுவேறு ஆள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பட்டணத்தில் எத்தனை வீட்டுச் சுவரில் என் புருஷன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. முகமூடிக்காரி எவாரிஸ்தா என்றால் இன்று எல்லோருக்கும் தெரிகிறது.

நேற்றுப் பத்தொன்பதாவதைக் கொண்டுவந்தாள். அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் அவனேதான், ஒரு மயிரிழை பிசகில்லை. நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

"மூக்கு சரியில்லக்கா" என்றேன்.